காப்பு கட்டாத கை

பம்பைக்காரரின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. அடியில் இருந்தவை வெளுத்து நைந்தவை. மேலே இருந்தது அன்றைக்குக் கட்டியது, மஞ்சள் ஈரம்கூடக் காயவில்லை. போன ஆடியில், அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு சின்ன அம்மன் கோயில் வாசலில் பார்த்தது. அந்தக் கை இன்னும் என்னை விடவில்லை.

காப்பு கட்டும் நேரம். கட்டிக்கொண்டால் திருவிழா முடிகிறவரை ஊர் எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது என்பது வழக்கம். வரிசையில் நின்ற பையன் பூசாரியிடம், "நைட் ஷிஃப்ட்டுண்ணா. ஸ்ரீபெரும்புதூர். கம்பெனி பஸ்ல போய்ட்டு விடிகாலையில வந்துடுவேன். கட்டிக்கலாமா?" என்றான்.

பூசாரி யோசித்தார். "அங்க தூங்க மாட்டல்ல?"

"தூங்குனா சூப்பர்வைசர் வுடுவானா?"

"அப்ப அது தங்குறதுல சேராது. கைய நீட்டு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே பம்பைக்காரரிடம் கேட்டேன், இத்தனை ஊர்க் காப்பையும் கட்டிக்கொண்டு எப்படி ஊர் ஊராகப் போகிறீர்கள் என்று. கரகம் ஜோடிக்க வேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை. "அதெல்லாம் ஊர்க்காரங்களுக்கு சார். எங்களுக்கு இல்ல."

உங்களுக்கும் இல்லை என்று அவர் சேர்க்கவில்லை. என் காதில் அப்படித்தான் விழுந்தது.

திருவிழா பார்க்க ஊர் சுற்றுகிறவன் நான். கூத்துக்காகப் புரிசை, அமாவாசை ஊஞ்சலுக்காக மேல்மலையனூர். 2007இல் சென்னை சங்கமம் பறையையும் கூத்தையும் நகரத்துப் பூங்காக்களுக்கு அழைத்து வந்தபோது பூங்கா பூங்காவாக அலைந்திருக்கிறேன். ஒரு வட்டாரத்தை அதன் மேளத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்ற நம்பிக்கைதான். ஆனால் எந்த ஊரிலும் என் கையில் கயிறு ஏறியதில்லை. பம்பைக்காரர் எல்லா ஊர்க் கயிறும் கட்டியவர், நான் எதுவும் கட்டாதவன். இருவருமே எல்லையில் நிற்பதில்லை. இரண்டும் ஒன்றா?

பாட்டி ஊர் செய்யாறு பக்கம். அங்கே திரௌபதி அம்மன் கோயிலில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. ஒரு வருஷம் பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது என்று என்னை அழைத்துப் போக அப்பா வந்தார். கொடியேறிக் காப்பு கட்டியாகிவிட்டது, பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்றாள் பாட்டி. "இவனுக்கா கட்டியிருக்கு?" என்றார் அப்பா. "இவன் படுக்குற திண்ணைக்குக் கட்டியிருக்குடா."

பாட்டிதான் ஜெயித்தாள். தெரு நீளத்துக்கு மண்ணில் படுத்துக் கிடந்த துரியோதனனையும், பீமன் வேஷக்காரர் அவன் தொடையில் அடித்ததையும், அதற்குப் பிறகே பாஞ்சாலி கூந்தல் முடிந்ததையும் பார்த்தேன். அந்த ஈரமண் வாசனை இன்றும் மூக்கில் இருக்கிறது. பின்னாளில் நானே தேடிப்போய்ப் பார்த்த படுகளங்கள் அப்படி ஒட்டவில்லை. போக வழியில்லாமல் உட்கார்ந்து பார்த்ததாலா, அல்லது வெறும் வயசா? வயசு என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். முழு நம்பிக்கை வரவில்லை.

அண்ணனூருக்கு அடுத்த ஸ்டேஷன் திருமுல்லைவாயில். சுந்தரர் அங்கே வந்தது பார்வை இல்லாமல். பெரியபுராணத்தில் எப்போதோ படித்தது, அந்தச் சந்திலிருந்து திரும்பும்போது மேலெழுந்து வந்தது. உன்னைப் பிரியேன் என்று திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தவருக்கு, எல்லையைத் தாண்டியதும் கண் போயிற்று. ஏன் தாண்டினார்? தென்றல் வந்தது, ஆரூர் வசந்த விழாவும் அதில் முதல் மனைவி பரவையாரின் ஆடலும் பாடலும் நினைவுக்கு வந்தன என்கிறார் சேக்கிழார். ஒரு திருவிழா பார்க்கிற ஆசை! முல்லைவாயில் பதிகத்திலேயே சங்கிலியின் பேரைச் சொல்லித்தான் முறையிடுகிறார். அடுத்து வெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மறு கண். (ஊன்றுகோல் கொடுத்த அந்தச் சிவனும் 1940களில் பூண்டி நீர்த்தேக்கத்துக்காக இடம்பெயர வேண்டியிருந்தது.) அத்தனை அலைந்து ஆரூர் போய்ச் சேர்ந்தால் பரவையார் கோபத்தில் கதவைச் சாத்தியிருக்கிறார். சிவனே தூது நடக்க வேண்டியதாயிற்று.

பாட்டி கேட்டிருந்தால், எல்லை தாண்டினால் இதுதான் என்றிருப்பாள். ஆனால் அவர் ஒற்றியூரிலேயே இருந்திருந்தால் முல்லைவாயிலுக்கு அந்தப் பதிகம் இல்லை. பம்பைக்காரர் தன் ஊரிலேயே கிடந்தால் அண்ணனூரில் கரகம் எழும்பாது. நிலைத்திருக்கிறவர்கள் நடத்தும் விழாவுக்கு நிலைக்காதவர்கள்தான் சாமியை வர்ணித்து இறக்க வேண்டியிருக்கிறது. இதைச் சொல்லி என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. சுந்தரருக்கு மீறுவதற்கு ஒரு சத்தியம் இருந்தது, பம்பைக்காரருக்குத் தொழில் இருக்கிறது. எனக்கு லோக்கல் ரயில் சீசன் டிக்கெட்டும் வேடிக்கை பார்க்கும் ஆசையும். நைட் ஷிஃப்ட் பையன்கூட ஒரு வழி கண்டுபிடித்துக் கையை நீட்டிவிட்டான்.

பம்பைக்காரரின் சொந்த ஊரிலும் ஆடியில் காப்பு கட்டுவார்கள். அன்றைக்கு அவர் வேறெங்கோ வாசித்துக்கொண்டிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. அவர் வீட்டில் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அது என் கேள்விக்குப் பதிலாகியிருக்குமா என்பது சந்தேகம்தான்.