காதுக்கும் ஒரு நோன்பு

(சேர்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றில், மார்கழி மாலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மலை உச்சியில் குகைக்குள் குடியிருக்கும் சேர்வராயனையும், அவருக்குப் பக்கத்தில் சரிசமமாக அமர்ந்திருக்கும் காவிரியம்மனையும் வணங்கித் தொடங்குகிறேன்.

காபிப் பழம் பறிக்கிற காலம் இது. காலையிலிருந்து சரிவில் நின்று கால் கடுத்துப்போய் வந்திருக்கிறீர்கள். பனியும் இறங்க ஆரம்பித்துவிட்டது. சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்றுப் பேசி முடித்து மேடையிலிருந்து இறங்கும்போது, எஸ்டேட் வேலைக்குப் போகிற ஓர் அம்மா என்னிடம் வந்தார். “சாமி, விடியக்காலம் கோயில் ஸ்பீக்கர்ல ஆண்டாள் பாட்டு கேக்குது. அப்புறம் வேலைக்கு வண்டி ஏறுனா வேற பாட்டு. பொம்பளைன்னாலே ஏமாத்துக்காரிங்குது, உடம்பைப் பத்திக் கேவலமாப் பாடுது. வயசுக்கு வந்த மக பக்கத்துல உக்காந்திருக்கா. நிறுத்துங்கன்னா, ‘பாட்டுதானக்கா’ன்னு சிரிக்கிறாங்க. இந்த மாதிரிப் பாட்டைக் கேக்கவே கூடாதுன்னு நீங்க சொல்லக் கூடாதா?” என்றார்.

சொல்லலாமா, சொன்னால் எப்படிச் சொல்வது? இன்றைய பேச்சு முழுவதும் அந்த அம்மாவின் கேள்விக்குத்தான்.

முதலில் அந்தச் சிரிப்பைப் பார்ப்போம். ‘பாட்டுதானே’ என்று மற்றவர்கள் சொல்லலாம்; கோயிலுக்கு வருகிற நாம் சொல்ல முடியாது. வேதாரண்யத்தில் அடைத்துக் கிடந்த கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி அடைத்தார் என்று காலங்காலமாக நம்புகிறோம். நல்ல பாட்டுக்குக் கோயில் கதவையே திறக்கும் சக்தி உண்டு, கெட்ட பாட்டு மட்டும் காற்றோடு போய்விடும் என்றால் அது என்ன கணக்கு?

பேச்சாக இருந்தால் புத்தி வாசலில் நிறுத்தி விசாரிக்கும். மெட்டோடு வந்தால் விசாரணை கிடையாது, நேரே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்லக் கூசுகிற சொல்லை, தாளம் போட்டு ஊரே கேட்கப் பாடுகிறோம். 1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, வழியில் சீண்டிய கும்பலால் உயிரிழந்தார். அதன் பிறகுதான் தமிழ்நாடு அரசு பெண்களைச் சீண்டுவதைத் தடுக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. சட்டம் வந்த பின்னும், பின்னாலேயே போய்த் தொந்தரவு செய்வதைக் காதல் என்று கொண்டாடும் பாட்டு நின்றதா? பாட்டுதான் கொலை செய்தது என்று நான் சொல்லவில்லை. சட்டம் குற்றம் என்கிறதைப் பாட்டு வீரம் என்றால், பன்னிரண்டு வயதுப் பையன் எதை முதலில் மனப்பாடம் செய்வான் என்றுதான் கேட்கிறேன்.

சரி, எது இழிவான பாட்டு? இங்கே நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். காதலைப் பாடினால் இழிவா? உடம்பைப் பாடினால் இழிவா? அப்படியானால் ஆண்டாளின் நாச்சியார் திருமொழியையே மூடி வைக்க வேண்டியிருக்கும். தன் உடம்பின் தவிப்பை அவ்வளவு துணிச்சலாகச் சொன்னவள் அவள்.

ஒரு வரலாறு சொல்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையில் முத்துப்பழனி என்ற பெண் புலவர் இருந்தார். ராதையையும் கண்ணனையும் பற்றித் தெலுங்கில் ‘ராதிகா சாந்த்வனம்’ எழுதினார். பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் அதைத் தேடியெடுத்து 1910-ல் பதிப்பித்தார். ‘ஒரு பெண் இப்படி எழுதலாமா?’ என்று பெரிய மனிதர்கள் கொதித்தார்கள். ஆபாசம் என்று சொல்லி ஆங்கில அரசு அந்தப் புத்தகத்தைத் தடை செய்தது. பிற்காலத்தில் அதே நாகரத்தினம்மாள்தான் தம் சொத்தைச் செலவிட்டுத் திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளுக்குச் சமாதிக் கோயில் எழுப்பினார். அங்கே நடக்கும் ஆராதனை விழாவில் பெண்கள் பாடக் கூடாது என்றிருந்ததை எதிர்த்து, பாடிக் காட்டினார். இன்று ஆராதனையில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து பாடுகிறோமே, அதில் அவர் பங்கு பெரியது.

இதிலிருந்து எனக்குத் தெரிவது ஒன்று. ‘தடை செய்’ என்று கத்தும்போது, அந்தத் தடியைக் கையில் வாங்குகிறவர் யாரை அடிப்பார் என்று நமக்குத் தெரியாது. பெண்ணை இழிவுபடுத்துகிறவனை அடிக்கும் என்று நினைத்தால், வாய் திறந்த பெண்ணையே அடித்திருக்கிறது. ஆகவே ஆபாசம் என்ற ஒரே அளவுகோல் போதாது. காபித் தோட்டத்தில் பழம் பறிக்கிற கையைப் பாருங்கள். ஒரே கொத்தில் சிவந்ததை எடுக்கிறது, பச்சையை விடுகிறது, கிளையை ஒடிப்பதில்லை. காதுக்கும் அந்தப் பழக்கம் வேண்டும். நான் வைத்துக்கொண்டிருக்கிற சோதனை சின்னதுதான்: அந்தப் பாட்டில் அவளுக்கு மனசு இருக்கிறதா? ‘வேண்டாம்’ என்று அவள் சொன்னால் அந்தப் பாட்டு அதை மதிக்கிறதா? எதிரே நின்று அந்த வரிகளை அவளிடம் சொல்ல முடியுமா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்று வந்தால் அது பாட்டு வேடம் போட்ட வசவு.

வசவு என்று தெரிந்துவிட்டது. என்ன செய்வது? நம் தமிழ்நாட்டிலேயே நடந்ததைப் பார்ப்போம். 2015 டிசம்பர். சென்னையும் கடலூரும் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த நேரம். நடிகர் சிலம்பரசன் பாடிய ஒரு பாட்டு இணையத்தில் வந்தது. பெண்ணைக் குறித்த ஒரு கெட்ட வார்த்தையை ஒலியால் மறைத்திருந்தார்கள். மறைத்ததே அதைக் காட்டிக் கொடுத்தது. ‘பீப் பாடல்’ என்றே பெயராகிவிட்டது. மாதர் அமைப்புகள் தெருவில் இறங்கின. கோவையில் புகார் கொடுத்தார்கள், வழக்குப் பதிவானது. பாடியவர், அது வெளியிடுவதற்காகச் செய்த பாட்டு அல்ல, யாரோ திருடி வெளியிட்டுவிட்டார்கள் என்றார். இசையமைப்பாளர் என்று பெயர் அடிபட்ட அனிருத், எனக்குத் தொடர்பில்லை என்றார்.

அந்தப் பெண்கள் தெருவுக்கு வந்தது சரி. அவர்கள் வராவிட்டால் அது இழிவு என்பதையே பலர் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் இன்னொன்றும் நடந்தது. ‘அப்படி என்னதான் பாடியிருக்கிறான்?’ என்று கேட்டுப் பார்த்தவர்கள், கண்டிப்பதற்காக நாலு பேருக்கு அனுப்பியவர்கள் எத்தனை பேர்! வாய் கண்டித்தது, காது விருந்து சாப்பிட்டது.

தில்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவிக்குக் கொடுமை நடந்த 2012 டிசம்பரிலும் பாடகர் ஹனி சிங்கின் புத்தாண்டு நிகழ்ச்சியைக் குர்கானில் ஒரு ஹோட்டல் ரத்து செய்தது. பெண்ணை வதைப்பதைப் பாடுகிறவருக்கு மேடை கொடுக்காதீர்கள் என்று மக்கள் கையெழுத்துப் போட்டுக் கேட்டார்கள். ஹோட்டல்காரருக்குக் கூட்டம் வேண்டும். கூட்டம் முகம் திருப்பினால் அவர் தாமாகவே திருந்துவார். காது கொடுப்பவருக்கு இருக்கிற பலம் அதுதான். இன்று போனில் ஒரு பாட்டைத் தட்டினால் அந்தத் தட்டலுக்கும் கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்குக்குப் பணமும் இருக்கிறது. ‘நான் ஒருத்தன் கேட்காவிட்டால் என்ன ஆகும்?’ என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது.

ஆனால் கோபம் ஒரு வாரத்துக்குமேல் தாங்காது. அடுத்த பாட்டு வரும், அடுத்த சண்டை வரும். நீண்ட நாள் தாங்குவது எது? அதற்குத்தான் ஆண்டாளிடம் போக வேண்டும்.

திருப்பாவையின் இரண்டாம் பாட்டை நினைத்துப் பாருங்கள். மார்கழி முழுவதும் எதையெல்லாம் விடப்போகிறோம் என்று அந்த ஆயர்பாடிப் பெண்கள் பட்டியல் போடுகிறார்கள். நெய்யும் பாலும் இல்லை. கண்ணுக்கு மை இல்லை, கூந்தலுக்குப் பூ இல்லை. செய்யத் தகாததைச் செய்வதில்லை, யாரைப் பற்றியும் கோள் சொல்வதில்லை. நெய் என்ன பாவமா? பூ என்ன குற்றமா? பிடித்தமானவை, அதனால்தான் விடுகிறார்கள். பிடிக்காததை விடுவதற்குப் பெயர் நோன்பு இல்லை. நாம் பேசுகிற அந்த வசவுப் பாட்டின் தாளமும் நன்றாகத்தான் இருக்கும், கால் தானாக ஆடும். நன்றாக இருக்கிறது என்று தெரிந்தே, ‘இதற்குள் ஒருத்தியை மிதிக்கிறார்கள், எனக்கு வேண்டாம்’ என்று விடுவது நோன்பு.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் தங்கள் வீட்டு நெய்யை விட்டார்கள். பக்கத்து வீட்டு உறியைப் போய் உடைக்கவில்லை. நோன்புக்கு எதிரி கிடையாது. ‘அவனைத் தண்டி’ என்று அது தொடங்குவதில்லை, ‘நான் விடுகிறேன்’ என்று தொடங்குகிறது. அதனால்தான் அதை மார்கழி முழுவதும் தாங்க முடிகிறது.

இப்போது அந்த அம்மா ஒரு நியாயமான கேள்வி கேட்பார். “சாமி, நான் எங்க நோன்பு இருக்கிறது? பட்டன் என் கையிலயா இருக்கு?” சரியான கேள்வி. வண்டியில் மாட்டிக்கொண்டவள் எந்தக் காதைத் திருப்புவாள்? புறக்கணியுங்கள் என்று அவளிடம் போய்ச் சொல்வது, அடிபட்டவளிடமே மருந்துக்குக் காசு கேட்பது. ஆகவே இந்த நோன்பு முதலில் பட்டனில் விரல் வைத்திருப்பவருக்கு. வண்டி ஓட்டுகிற தம்பிக்கு. வீட்டில் டிவி ரிமோட்டை வைத்திருக்கிற அப்பாவுக்கு. கல்யாணத்துக்கு ரேடியோ செட் பேசுகிற மாமாவுக்கு. மே மாதம் திருவிழா எடுக்கிற விழாக் குழுப் பெரியவர்களுக்கு. கோயில் விழாவில் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு வந்த பல வழக்குகளில், ஆபாச ஆட்டமும் இரட்டை அர்த்தப் பாட்டும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் நிபந்தனை போட்டிருக்கிறது. அம்மன் முன்னால் அம்மனைப் போன்றவளைக் கேவலப்படுத்தாதே என்று நீதிபதி எழுதித் தர வேண்டிய நிலைமை நமக்கு வந்திருக்கக் கூடாது.

தாய்மார்களுக்கும் ஒரு வழி ஆண்டாள் வைத்திருக்கிறாள். ஆறாம் பாட்டிலிருந்து பதினைந்தாம் பாட்டு வரை அவள் என்ன செய்கிறாள்? வீடு வீடாகப் போய்ப் பத்துப் பெண்களை எழுப்புகிறாள். தனியாகப் போகவில்லை. ஒருத்தி ‘நிறுத்து’ என்றால் சிரிக்கிற தம்பி, வண்டியில் இருக்கிற பத்துப் பேரும் சேர்ந்து ‘பாட்டை மாத்துப்பா’ என்றால் சிரிக்க மாட்டார். அதட்ட வேண்டாம். சேர்ந்து சொன்னால் போதும்.

ஊரைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. சினிமாப் பாட்டில் மட்டுமா பெண்ணைப் பழிக்கிறார்கள்? திருப்புகழில் பல பாடல்களின் முன்பாதி விலைமாதரைப் பழித்துவிட்டுத்தான் பின்பாதியில் முருகனிடம் திரும்புகிறது. சித்தர் பாடல்களிலும் பெண்ணுடம்பை அருவருப்பாகச் சொல்கிற இடங்கள் உண்டு. பட்டினத்தார் அப்படிப் பாடியவர்தான். தம் தாய்க்குத் தீ மூட்டும்போது கல்லும் கரையப் பாடியவரும் அவர்தான். அம்மாவைக் கும்பிட்டுவிட்டு மற்றவளைத் திட்டுவது இன்று போனில் அடுத்தடுத்து ஓடுகிற பாட்டுகளிலும் அப்படியே இருக்கிறது. பெண்ணைத் தாயாக மட்டும் மதிப்பது பாதி மதிப்பு.

திருப்புகழ் பாடிய அருணகிரியாரின் கதை உங்களுக்குத் தெரியும். விலைமாதரிடம் போன தம் தவறுக்குத் தாமே பொறுப்பு என்றுதான் அண்ணாமலைக் கோபுரத்திலிருந்து குதித்தார் என்பார்கள். பழியை அந்தப் பெண்கள்மேல் போட்டுவிட்டுத் தப்பித்திருந்தால் குதித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்கிற நாம் அந்தப் பொறுப்பை விட்டுவிட்டு வசவை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அவருடைய பாடல்கள் 1300-க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. பழிப்பே இல்லாதவை அவற்றில் நிறைய உண்டு. மேடையில் எதைப் பாடுவது என்று தேர்ந்தெடுப்பது என் கையில். தேர்ந்தெடுக்கிறேன்.

பெண்ணைப் பழிப்பதற்கு நேர் எதிரான ஒரு வழியும் நம் பெரியவர்களே காட்டியதுதான். நம்மாழ்வார் தம்மைப் பெண்ணாக நினைத்துப் பாடிப் பராங்குச நாயகியானார். திருமங்கையாழ்வார் பரகால நாயகியானார். மாணிக்கவாசகர் திருவெம்பாவையில் பெண்களின் குரலில் பாடினார். கடவுளை நெருங்க வேண்டுமென்றால் பெண்ணின் மனசுக்குள் போய் நின்று பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்ட ஆண்கள் அவர்கள். அவர்கள் பாடிய அதே தமிழில் இன்று பாட்டெழுதுகிறவர்களிடம் கொஞ்சம் அதிகமாக எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு.

கடைசியாக ஒன்று. வெறுமனே விட்டால் வெற்றிடம் நிற்காது. ஒரு நூற்றாண்டுக்கு முன், வெள்ளைக்காரர் காலத்தில், ஜனவரி முதல் தேதி நம்மவர்கள் பழத்தட்டு எடுத்துக்கொண்டு துரைமார்களைப் பார்க்க வரிசையில் நிற்பார்கள். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் ‘போகாதே’ என்று சொல்லி நிறுத்தியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் திருத்தணி முருகன் கோயில் மலைப் படிகளில் திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறும் படித் திருவிழாவைத் தொடங்கினார். ‘துரைக்குத் துரையான தணிகைத் துரையைப் பார்க்கலாம், வாருங்கள்’ என்றார். இன்றும் ஏறுகிறார்கள்.

நாமும் ஒன்றை விட்டால் ஒன்றை வைப்போம். வண்டி ஓட்டுகிற தம்பிகளே, இந்த மார்கழி முடியும்வரை பாட்டைத் தேர்ந்தெடுக்கிற வேலையை வண்டியில் வருகிற பெண்களிடம் கொடுங்கள். பக்திப் பாட்டுதான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காதல் பாட்டு போடட்டும், கும்மிப் பாட்டு போடட்டும், அவர்களே பாடட்டும். விழாக் குழுவினரே, செட்டுக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே எந்த மாதிரிப் பாட்டு கூடாது என்று பேசி முடியுங்கள். அந்தப் பேச்சில் ஊர்ப் பெண்கள் நாலு பேர் உட்காரட்டும்.

தை பிறந்ததும் நோன்பு முடிந்தது. யாரும் உங்களைத் தடுக்க மாட்டார்கள். விட்ட பாட்டை ஒரு தடவை போட்டுப் பாருங்கள், மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. அப்போதும் அது இனித்தால், என்னிடம் வந்து சண்டை போடுங்கள். உட்கார்ந்து பேசலாம்.