நாயும் நதியும்

1836இல் ஆர்தர் காட்டன் மேலணை கட்டிய முக்கொம்பில் காவிரியினின்று கொள்ளிடம் பிரிகிறது. சென்ற ஆண்டு ஒரு மாலை, பேரனுடன் அங்குச் சென்றிருந்தேன். எவரோ அவிழ்த்துவிட்ட நாயொன்று ஆற்றில் பாய்ந்து நீந்திக் களித்தது. “தண்ணீர் நஜீஸாகிவிடுமே, நன்னா!” என்று பேரன் கல்லெடுத்தான். அவன் கையைப் பற்றினேன்.

நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழுமுறை, அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டுமென்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். இமாம் மாலிக் அவர்களோ நாயைத் தூய பிராணியென்றே கொண்டார்கள். நிறம், சுவை, மணம் மாறாத பெருநீர் அசுத்தமாகாதென்பதில் இமாம்கள் ஒன்றுபட்டுள்ளனர்.

சட்டம் நம்மைக் கழுவச் சொன்னது. நாயை அடிக்கச் சொல்லவில்லை. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றிலிறங்கி, தோலுறையில் நீர் நிரப்பி, வாயில் கவ்வி ஏறிவந்தவனை இறைவன் மன்னித்தான் என்னும் நபிமொழியைப் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. குகைத் தோழர்களோடு கிடந்த நாயையும் திருக்குர்ஆன் நினைவுகூர்கிறது.

நாய் வளர்ப்போர்க்கும் கடமையுண்டு. குழந்தைகள் குளிக்குமிடத்தில் அதனை அவிழ்த்துவிட்டு, அஞ்சுவோரைக் கண்டு நகைப்பது அன்பாகாது.

பேரன் கல்லைக் கீழே போட்டான். நாய் கரையேறி உடலை உதறியது. நாங்கள் விலகி நின்றோம். விலகுவது பேணுதல், கல்லெறிவது கொடுமை. இவ்வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கிறோமா?