தரவோட்டத்தில் ஒரே ஆள்

சந்தைப்படுத்தலுக்கான தரவோட்டத் தளம் என்பது வாடிக்கையாளரின் ஒவ்வொரு சொடுக்கையும் தேடலையும் நிகழ்ந்த மாத்திரத்திலேயே வாங்கிக் கணக்கிடும் மென்பொருள் அமைப்பு. அதைக் கட்டுபவர் "ஒரே ஆள்" என்பது யாது என்னும் பழைய வினாவுக்கும் விடை கூறியாக வேண்டும். லிங்க்டின் நிறுவனத்தில் உருவாகி 2011இல் திறந்தமூலமாக வெளிவந்த காஃப்கா என்னும் தரவோட்ட மென்பொருளில் பதிவாவன நிகழ்வுகளே. ஒரே 'சாவி', அதாவது பயனர் எண் போன்ற அடையாளம், தாங்கிய நிகழ்வுகள் ஒரே பிரிவில் வரிசையாக அடுக்கப்படுவதால் அங்கே ஒருவர் இருப்பதாகக் கணக்குத் தோன்றுகிறது. புனேயின் ஹிஞ்சவடி அலுவலகம் ஒன்றில் பொறியாளர் எதனைச் சாவியாக்குகிறாரோ அதுவே தளத்தின் ஆன்மா. தாயும் மகனும் ஒரே கைபேசியில் பொருள் வாங்கும் வீட்டில் அவ்வான்மா இருவருக்கும் பொது.

காலமும் அவ்வாறே. மும்பையிலிருந்து புனே வரும் ரயில் கர்ஜத்துக்கும் லோணாவளாவுக்கும் இடையிலுள்ள சுரங்கங்களில் புகும்போது சிக்னல் அறுந்தால், உள்ளே அழுத்திய சொடுக்கு வெளியே வந்த பின்னரே தளத்தை அடைகிறது. எனவே "இந்நேரத்துக்கு முற்பட்டவை யாவும் வந்துவிட்டன" என ஓர் எல்லையைத் தளம் துணிந்துகொள்கிறது. வாட்டர்மார்க் எனப்படும் அவ்வெல்லை வெறும் ஊகமே.

அதே தடத்தில் சற்றுத் தள்ளி, மளவ்லி நிலையத்தின் இருபுறமும் பாஜா, கார்லா பௌத்தக் குகைகள் உள்ளன. உருளும் தேர்ச்சக்கரம் ஒரு நேரத்தில் ஒரு புள்ளியிலேயே நிலத்தைத் தொடுவதுபோல உயிர்வாழ்வும் ஒரு சித்தக்கணமே, அதாவது ஓர் எண்ணம் நிற்கும் கணமே, என்பது 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் இயற்றிய பௌத்த நூலான விசுத்திமக்கத்தின் கொள்கை. அந்நூலைப் பதிப்பித்தவர்களுள் ஒருவரான தர்மானந்த கோசாம்பி புனே ஃபெர்குசன் கல்லூரியில் பாலி கற்பித்தவர். பற்றறுக்கக் கண்ட கோட்பாடு பற்றை மூட்டும் தொழிலுக்கு இத்தனை பொருந்துவது விந்தைதான்.

செய்தவன் அக்கணமே அழிந்தால் பயனை நுகர்பவன் யார் என்று சைவரும் சமணரும், யாவும் கணந்தோறும் அழியும் என்னும் இந்தக் கணபங்கவாதத்தை மடக்கினர். ஆள் தொடராவிடினும் 'சந்தானம்', அதாவது காரண காரியத் தொடர், தொடரும் என்பது பௌத்தர் விடை. 2023ஆம் ஆண்டின் இந்தியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதலைத் திரும்பப் பெற்றவரின் தரவைப் பொதுவாக அழிக்கச் சொல்வதால், இவ்வழக்கு தளத்துக்குள்ளும் வந்துவிட்டது. காஃப்கா பதிவேட்டில் எழுதியதை இடையில் புகுந்து அழிக்க முடியாதாகையால், அச்சாவியின் பெயரில் டூம்ஸ்டோன் எனும் வெற்றுப் பதிவு ஒன்றை எழுதிவைக்கிறார்கள். நடுகல் என்றால் வீரனுக்குரிய மரியாதை ஏறிவிடும், கல்லறைக்கல் என்பதே சரி. பதிவேட்டைச் சுருக்கும் பணி பின்னர் நடக்கும்போது பழைய நிகழ்வுகள் நீங்குகின்றன. ஆனால் அவற்றைக் கொண்டு பயிற்றிய கணிப்பு மாதிரி அச்சுருக்கத்தில் தானாக அகப்படுவதில்லை. சாவிக்குரியவர் நீங்கிய பின்னும், அவர் தேடிய செருப்பின் விலை வரம்பு வேறொருவரின் திரையில் விளம்பரமாகப் பலித்துக்கொண்டிருக்கிறது.