கருணைக்குத் தகுதி வேண்டுமா?

கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் நம் சமயம், தானத்தை இல்லறத்தார் நாள்தோறும் ஆற்ற வேண்டிய ஆறு கடமைகளுள் ஒன்றாக வைத்துள்ளது. இவ்விரு அறங்களும் ஒன்றோடொன்று முரண்படுவதுபோல் தோன்றும் இடமும் ஒன்றுண்டு. மீன் பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட குடும்பத்தில், தந்தையை இழந்த குழந்தை பள்ளியை விட்டுத் தெருவுக்கு வருகிறது; கணவனை இழந்த தாய் ஆதரவற்று நிற்கிறாள். அவர்கள் வாயில்வரை நம் தானம் செல்லலாமா? செல்லின், உயிர்க்கொலைக்குத் துணைபோன வினை நம்மைச் சேராதா? நம் இல்லங்களில் பெரியோர் சிலர் எழுப்பும் இவ்வினாவை எள்ளி ஒதுக்காமல் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

வினா எட்டாத் தொலைவில் உள்ளதன்று. புழல் ஆதிநாதர் ஆலயத்தை வழிபட்டு வடக்கே செல்வோர், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டை அடையலாம். இந்திய உவர்நீர் ஏரிகளுள் சிலிக்காவுக்கு அடுத்துப் பெரியது அவ்வேரி. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணற்பரப்பில் லைட்ஹவுஸ் குப்பமும் அதனை அடுத்த மீனவக் குப்பங்களும் அமைந்துள்ளன. 1859-ஆம் ஆண்டில் அங்கு முதன்முதல் நிறுவப்பட்ட கலங்கரை விளக்கமே ஊருக்குப் பெயரானது.

கடலுக்குச் சென்றவன் திரும்பவில்லை என்றால் அக்கரையில் ஒரு பெண்ணின் நிலை என்ன? உடல் கரை சேர்ந்தால் இறப்புச் சான்றிதழாவது கிடைக்கும். சேராவிடில், 7 ஆண்டுகள் ஒருவரைப் பற்றி எச்செய்தியும் இல்லாதபோதுதான் அவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பொது விதி. அரசு தனி ஆணையால் விலக்கு அளித்தாலன்றி, அதுவரை அவள் சட்டத்தின் கண்ணில் கைம்பெண்ணும் அல்லள். வாழ்வில் மனைவியும் அல்லள். பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்னும் பழைய ஏற்பாடு சில குப்பங்களில் உண்டு. அதிலும் பங்கு ஆண் தலைக்கட்டுக்கே உரியது. எஞ்சுவது கருவாடு உலர்த்துவதும், கூடை சுமந்து விற்பதும், கடன் வாங்குவதுமே. இத்தகைய வீட்டில் மூத்த பிள்ளையின் படிப்பே முதலில் நிற்கிறது. பட்டணத்து இரயில் நிலையங்களில் திரியும் சிறுவர் பலரின் கதையும் இவ்வாறு ஏதோ ஒரு வீடு சரிந்ததில்தான் தொடங்குகிறது.

இனி நம் நூல்கள் கூறுவதைக் காண்போம். கி.பி. 959-இல் சோமதேவ சூரி இயற்றிய யசஸ்திலகத்தில் மிருகசேனன் என்னும் மீனவனின் கதை வருகிறது. வலையோடு சென்றவன் வழியில் ஒரு முனிவரைக் கண்டு வணங்குகிறான். முனிவர் அவனை இழிந்தோன் என்று விலக்கவில்லை. தொழிலை விட்டபின் வா என்றும் கூறவில்லை. வலையில் முதலில் அகப்படும் உயிரை விட்டுவிடுக என்று அவனால் இயன்ற ஒரு நோன்பை அளிக்கிறார். அன்று முதலில் அகப்பட்ட மீனுக்கு அடையாளம் கட்டி நீரில் விடுகிறான். அதே மீன் மீண்டும் மீண்டும் வலையில் வர, ஐந்து முறையும் விடுவித்து வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். அச்சிறு நோன்பின் பயன் மறுபிறவியில் அவனைக் காத்தது என்கிறது கதை. முனிவர் அளித்தது பொருளன்று, அறிவு. கேட்டவன் மீனவன் என்பது அதற்குத் தடையாகவில்லை.

ஜினசேனாசாரியார் தம் ஆதிபுராணத்தில் ஈகையைத் தயாதத்தி, பாத்திரதத்தி, சமதத்தி, அந்வயதத்தி என நான்காக வகுத்தார். துறவியர்க்கு அளிப்பது பாத்திரதத்தி. அங்குத் தகுதி ஆராயப்படும். அஞ்சி நடுங்கும் உயிர்களின் அச்சத்தை நீக்குவது தயாதத்தி. அங்குத் துன்பமே தகுதி. முன்னதற்குரிய அளவுகோலைப் பின்னதற்கு எடுத்துச் செல்வதால்தான் நம்மவருக்கு மயக்கம் நேர்கிறது.

ஆயினும் பெரியோர் எழுப்பிய ஐயத்தில் ஓர் உண்மை உண்டு. நாம் வலை வாங்கித் தர இயலாது; தரவும் வேண்டா. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரைக்குப் படகும் வலையும் பல திசைகளிலிருந்தும் வந்தன. அவை பெரும்பாலும் ஆண்களின் கையையே அடைந்தன. மீன் விற்கும் பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் வந்த உதவி குறைவே. நம் மரபு கூறும் உணவு, மருந்து, கல்வி, அபயம் என்னும் நால்வகைத் தானங்களில் வலை இல்லை. குப்பத்துப் பெண்ணும் பிள்ளையும் பெறாமல் நின்றவையோ இந்நான்கினுள் அடங்குபவை. ஆகவே, நம் விரதத்திற்கு ஊறின்றி நாம் தரக்கூடியதும் அவர்களுக்கு உண்மையில் குறைவாயிருப்பதும் ஒன்றாகவே அமைகின்றன.

நம் சமூகத்திலேயே இதற்கு வழிகாட்டி உண்டு. இளமையிலேயே கைம்மை எய்திய பண்டிதை சந்தாபாய், 1921-இல் பீகாரின் ஆரா நகரில் ஜைன பாலா விசிராமத்தை நிறுவிப் பெண்களுக்குக் கல்வி அளித்தார். சென்னையில் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, போக்கிடமற்ற சிறுமியரைத் தம் வீட்டிலேயே ஏற்றுத் தங்க வைத்தார். அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்தது. இவ்விருவரும் ஒருநாள் அன்னதானத்தோடு நின்றவர்கள் அல்லர். ஒரு பெண் தன் காலில் நிற்கும்வரை உடனிருந்தவர்கள்.

இன்று அரசுப் பள்ளிகளில் மதிய உணவு உண்டு. 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் அதே ஆண்டில் வந்தது. எனினும் விண்ணப்பத்தை நிரப்பவும், சான்றிதழுக்கு அலையவும், மாலையில் பாடம் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும். நம்முள் ஓய்வுபெற்ற ஆசிரியரும் அலுவலரும் பலர் உள்ளனர். பொருள் இல்லாதவரும் செய்யக்கூடிய சாத்திர தானம் இது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. ஏழைச் சிறுமியை "ஆதரவளிக்கிறோம்" என்று அழைத்து வந்து வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்வதும் இம்சையே. 14 வயதிற்குட்பட்டோரை எவ்வேலையிலும் அமர்த்துவதை 2016-இல் திருத்தப்பட்ட சட்டமும் தடுக்கிறது. தனித்துத் திரியும் குழந்தையைக் கண்டால் 1098 என்னும் எண்ணுக்கும், துன்புறும் பெண்ணுக்காக 181 என்னும் எண்ணுக்கும் தெரிவிப்பதே முறை. அவ்வாறே, தொழிலை விட்டால்தான் உதவுவோம் என்று நிபந்தனை விதிப்பதும் தகாது. விலை பேசிக் கொடுப்பது வாணிகமாகும். கல்வி பெற்ற பிள்ளை தன் வழியைத் தானே தேர்ந்துகொள்ளும்.

தசலட்சண பருவ நாள்களில் உத்தம தியாகத்தைப் பற்றிக் கேட்டு மகிழ்கிறோம். இவ்வாண்டு அந்நாளில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு குழந்தையின் ஓராண்டுப் படிப்பை ஏற்குமாயின், கேட்ட அறம் செய்த அறமாகும். அக்குழந்தையின் தந்தை என்ன தொழில் செய்தார் என்று நாம் கேட்க வேண்டுவதில்லை. அது எந்த வகுப்பில் படிப்பை நிறுத்தியது என்று கேட்டால் போதும்.