எந்த ஆண்ட்ரோமெடா நிஜம்?

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆஸ்ட்ரோசாட் விண்தொலைநோக்கி, பின்னாளில் ஆண்ட்ரோமெடாவைப் புறஊதா ஒளியில் படமெடுத்தது. ஏவுதளம் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு இப்போது திருமலை உள்ள அதே திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்திருக்கிறது. ராக்கெட்டின் சிறு மாதிரியோடு இஸ்ரோக்காரர்கள் திருமலை ஏறுவதும், சந்திரயான்-3 சமயத்தில் நடந்ததுபோல, பத்திரிகைகளுக்குப் பழகிய சர்ச்சை. விஞ்ஞானி சாமி கும்பிடலாமா என்ற வாதம் சலித்துவிட்டது. மலையும் ஏவுதளமும் சேர்ந்து எழுப்பும் இன்னொரு கேள்விதான் சுவையானது: ஒரே பொருள் பல விதமாகத் தெரிந்தால் எது அதன் உண்மையான உருவம்?

சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள ஆண்ட்ரோமெடா, நமக்கு மிக அருகிலிருக்கும் பெரிய சுருள் விண்மீன் திரள். சாதாரண ஒளியில் அது நடுவில் பருத்த சுருள். ஸ்பிட்சர் விண்தொலைநோக்கியின் அகச்சிவப்புப் படத்திலோ தூசு வளையங்கள்தான் முந்திக்கொண்டு நிற்கின்றன. பெரிய வளையம் மையத்திலிருந்து ஏறக்குறைய 30,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. உள்ளே சிறியதாக இன்னொன்று. எம்32 என்ற குட்டித் திரள் சுமார் 21 கோடி ஆண்டுகளுக்கு முன் ஊடுருவிப் பாய்ந்ததில் உண்டானவை இவை என்று 2006-இல் ஓர் ஆய்வுக்குழு கணித்தது. இளம் நட்சத்திரங்களின் புறஊதா ஒளியை விழுங்கிச் சூடாகும் தூசு, அதையே அகச்சிவப்பாக உமிழ்கிறது. ஆஸ்ட்ரோசாட்டுக்குத் திரையாக நின்ற தூசே ஸ்பிட்சருக்கு விளக்கு.

சித்தூர்ப் பக்கத்து மொட்டைமாடியிலிருந்து இந்த அகச்சிவப்பு உருவத்தைப் பார்க்க முடியாது. காற்றிலுள்ள நீராவி அகச்சிவப்பின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே காதங்கியில், தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடத்தினர் ரேடார் வைத்து அந்தக் காற்றையே ஆராய்கிறார்கள். வானியலாளருக்கு இடைஞ்சல், அவர்களுக்குப் பிழைப்பு!

திருமலை வழிபாட்டு முறைகளை ஒழுங்குபடுத்தியவர் என்று மரபு சொல்லும் ராமானுஜர், அறிவு எல்லாமே உள்ளதைப் பற்றியதே என்று ஸ்ரீபாஷ்யத்தில் வாதிட்டவர். கிளிஞ்சலை வெள்ளி என்று எண்ணியவனும் இல்லாததைக் காணவில்லை. கிளிஞ்சலில் வெள்ளியின் கூறு சிறிது உண்டு. மிச்சத்தைப் பார்க்கத் தவறினான், அவ்வளவுதான். அத்வைதி ஒப்பமாட்டார். அவருக்கு அந்த வெள்ளி வெறும் தோற்றம். கிளிஞ்சல் என்று தெரிந்ததும் அடிபட்டுப்போகும்.

ஆண்ட்ரோமெடா விஷயத்தில் ராமானுஜர் பக்கமே சாயத் தோன்றுகிறது. அகச்சிவப்புப் படம் வந்ததால் பழைய சுருள் பொய்யாகிவிடவில்லை. திருமலையில் வியாழக்கிழமை ஆபரணங்களைக் களைந்து, திருநாமத்தைச் சிறிதாக்கி நேத்ர தரிசனம் நடக்கும். முந்தின நாள் சேவித்துத் திரும்பியவர் ஏமாந்தார் என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் ஸ்பிட்சர் படத்தின் சிவப்பு, ஆய்வாளர்கள் தாங்களே ஒதுக்கிய நிறம். வளையம் அங்கே இருக்கிறது, அந்தச் சிவப்பு இல்லை. எல்லா நிறமும் கண்ணும் மூளையும் ஒதுக்குவதுதானே என்று ராமானுஜர் தரப்பில் ஒருவர் எதிர்வாதம் செய்யலாம். அப்படிச் செய்தால் துளசியின் பச்சையையும் சேர்த்தே விட்டுக்கொடுக்க வேண்டிவரும். அதற்கு ராமானுஜர் சம்மதிப்பாரா என்பது சந்தேகம்தான்.