சித்தியின் தலை அளவு

திண்டிவனம் பஸ்ஸில் மொட்டைத் தலையோடு ஒரு பெண் ஏறினால், பக்கத்து சீட்டுக்காரி கேட்கும் முதல் கேள்வி, "மயிலமா, மேல்மலையனூரா?" என்பதுதான். எங்கள் பக்கத்தில் மொட்டை என்றால் வேண்டுதல். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பும் என் சித்திக்கு அந்தக் கேள்வி சில வாரங்கள் நல்ல மறைப்பாக இருந்தது. "மயிலந்தான்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அப்புறம் புருவமும் உதிர்ந்தது. மயிலம் முருகனுக்கு யாரும் புருவத்தை நேர்ந்துகொள்வதில்லை.

நான் குயிலாப்பாளையத்துக்காரி. ஆரோவில்லை ஒட்டிய ஊர். தையல், பின்னல், ஊதுபத்தி என்று கைவேலைக்குப் போகிற பெண்கள் இங்கே நிறைய. எனக்குக் குரோஷா தெரியும். எனவே சித்திக்கு ஒரு குல்லா பின்னிக்கொண்டு போனேன். ரோஜா நிறம், விசிறி விசிறியாகப் பூ வேலை, வாங்கியதிலேயே விலை கூடிய அக்ரிலிக் நூல். போட்டுப் பார்த்த சித்தி ஐந்து நிமிடத்தில் கழற்றிவிட்டாள். "தலையில கம்பளிப்பூச்சி ஊருற மாதிரி இருக்குடி."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் அவள் சொன்னது சரி. ஏன் சரி என்று தெரிந்துகொள்ள முதலில் முடி ஏன் கொட்டுகிறது என்பதிலிருந்து வரவேண்டும்.

கீமோ மருந்துகளில் பல, வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைத் தாக்குபவை. புற்றுநோய்ச் செல் அப்படிப் பெருகுவது. முடியின் வேர்க்காலில் உள்ள செல்லும் அப்படியே. மருந்துக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. வாய்ப்புண் வருவதும் வயிறு கெடுவதும் இதே காரணத்தால்தான். தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது என்றால், எந்த நேரத்திலும் பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துகொண்டிருக்கும் நிலையில் இருக்கும். அதனால்தான் தலைமுடி கொத்தாகப் போகிறது. புருவ முடியில் பெரும்பகுதி எப்போதும் ஓய்வில் இருப்பது. அது தாமதமாக உதிரும், சிலருக்கு உதிராமலே தப்பும். எல்லா மருந்துக்கும் முடி கொட்டுவதில்லை. மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டாக்சோரூபிசின், பாக்லிடாக்சல் போன்றவற்றுக்கு அநேகமாகக் கொட்டிவிடும். முதல் ஊசி போட்டு இரண்டு மூன்று வாரத்தில் தலையணையில் தெரியும். கொட்டுவதற்கு முன்பே தலைத்தோல் நோக ஆரம்பிக்கும். சீப்பு பட்டாலே சுரீரென்று இருக்கும் தோலில்தான் நான் சொரசொரப்பான நூலை வைத்து அழுத்தியிருக்கிறேன்.

குளிர்நாடுகளில் புற்றுநோயாளிகளுக்குக் குல்லா பின்னிக் கொடுப்பது பெரிய சேவை. அங்கே கம்பளிக் குல்லா எல்லாரும் போடுகிற பொருள். நோயாளி போட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நம் ஊரில் அப்படியா? பிறந்த குழந்தைக்குக் குல்லா, மார்கழிப் பனியில் டீக்கடைக்குப் போகும் தாத்தாவுக்கு மங்கி கேப். இடைப்பட்ட வயதில் குல்லா போட்டவர்களைக் கண்டால் ஊர் சந்தேகப்படும். 'குல்லா போட்டுட்டான்' என்பதற்கு நம் மொழியில் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. வெளியில் போகும்போது சித்தி முந்தானையைத்தான் தலைக்கு இழுத்துக்கொண்டாள். குல்லா அவளுக்குத் தேவைப்பட்டது வேறு இடங்களில்: மருந்து ஏறும் ஏசி அறையில், விடிகாலை நாலு மணிக்கு ஃபேனுக்குக் கீழே, திடீரென்று விருந்தாளி கதவைத் தட்டும்போது.

ஆக, இரண்டாவது குல்லா பருத்தி நூல். பருத்தி வியர்வையை உறிஞ்சும், துவைக்கத் துவைக்க மிருதுவாகும். ஆனால் இழுத்துவிட்டால் கம்பளி பழைய நிலைக்குத் திரும்பும், பருத்தி திரும்பாது. அதனால் அளவில் ஏமாற முடியாது. எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு: பின்னுகிறவள் தன் தலையிலேயே போட்டு அளவு பார்ப்பது. கொண்டையும் அடர்த்தியுமாக முடி உள்ள தலைக்குச் சரியாக இருக்கும் குல்லா, முடியில்லாத தலையில் மூக்கு வரை இறங்கும். தலையைச் சுற்றி டேப் வைத்து அளக்க வேண்டும். சித்திக்கு 54 செ.மீ. பிடிமானத்துக்கு 2 செ.மீ. குறைத்து 52. அதை 3.14-ஆல் வகுத்தால் பதினாறரை. உச்சியில் தொடங்கும் வட்டம் பதினாறரை செ.மீ. அகலம் வரும்வரை தட்டையாக விரியவேண்டும். அதற்குமேல் கண் கூட்டாமல் நேராக இறங்கவேண்டும்.

வட்டம் தட்டையாக வர ஒரு கணக்கு இருக்கிறது. நடுவளையத்தில் 12 டபுள் குரோஷா கண் என்றால் அடுத்த சுற்று 24, அதற்கடுத்து 36, பிறகு 48. ஒவ்வொரு சுற்றிலும் அதே பன்னிரண்டு கூடும். அதிகம் கூட்டினால் ஓரம் சேலைக் கொசுவம் போல அலையும். குறைத்தால் கிண்ணமாகக் குழியும். முடிச்சும் நூல்முனையும் உச்சிக்கு உள்ளே உட்காரக்கூடாது. ராத்திரி முழுக்க அதன்மேல்தான் தலை இருக்கும். பூ வேலையை விட்டுவிட்டேன். விசிறிக்கு நடுவே உள்ள ஓட்டை பின்னுகிறவளுக்கு அழகு. போட்டுக்கொள்கிறவளுக்கு அது வழியாகத் தலை தெரியும்.

துவைப்பதிலும் விஷயம் இருக்கிறது. மருந்து ஏற்றிய ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளையணுக்கள் இறங்கும். சின்னத் தொற்றும் ஆபத்து. பின்னி முடித்ததைத் துவைத்து, வெயிலில் காயவைத்து, சுத்தமான கவரில் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்துருண்டை போட்ட பீரோவில் வைத்து எடுத்தால் அந்த வாசனையே குமட்டும்.

குரோஷாவுக்கு ஒரு தனிக்குணம். கால்மேஜோடு பின்ன 1589-லேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ இயந்திரம் செய்துவிட்டார். குரோஷாவைக் கடைச்சரக்காகப் பின்னித் தள்ளும் இயந்திரம் இன்றுவரை இல்லை. கடையில் அந்தப் பெயரில் தொங்கும் சட்டை, ஒன்று யாரோ ஒரு பெண் கையால் போட்டது, இல்லையென்றால் வேறு பின்னலில் குரோஷா போலச் செய்தது. மணிக்கணக்கில் உட்கார்ந்து செய்வதற்குக் கூலி கணக்குப் போட்டால் கட்டாது. இது அன்பளிப்புக்குப் போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அன்பளிப்பு எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லின் உபாசனா என்ற அமைப்பு, கடலோரக் கிராமப் பெண்களுக்குத் துண்டுத்துணியில் சின்னப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. சுனாமிகா என்று பெயர். விற்பதில்லை, கொடுப்பது மட்டும்தான். பின்னலில் கூட்டம் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று பார்த்தோம். 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் போர்வை விரித்து கின்னஸில் ஏறினார்கள். பிறகு அதைப் பிரித்துத் தானமாகக் கொடுத்தார்கள். சாதனையைவிட அந்தப் பிரித்தல் எனக்குப் பிடிக்கும். மும்பையில் தொடங்கிய 'நிட்டட் நாக்கர்ஸ் இந்தியா' இன்னும் நுணுக்கமான வேலை செய்கிறது. மார்பை எடுத்துவிட்ட பெண்களுக்குப் பருத்தி நூலில் செயற்கை மார்பு பின்னி, பஞ்சடைத்து, இலவசமாகத் தருகிறார்கள். சிலிக்கானில் செய்தது கனம், விலை. நம் வெயிலில் வேர்க்கும். கேட்டு, அளந்து, அதன்பிறகு பின்னுகிறார்கள் என்பதுதான் விசேஷம்.

குயிலாப்பாளையத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை வண்டியில் அரைமணி நேரம். விழுப்புரம், திண்டிவனம், கடலூர் என்று சுற்றுவட்டாரமே அங்கேதான் போகிறது. நூறு குல்லாவை மூட்டை கட்டிக்கொண்டு போய் இறக்கலாம். போட்டோவும் நன்றாக இருக்கும். ஆனால் நான் எப்போதும் ஒன்று ஒன்றாகத்தான் பின்னுகிறேன், தலை யாருடையது என்று தெரிந்த பிறகு.

சித்திக்கு மருந்து முடிந்து சில மாதத்தில் முடி வந்தது. முன்பு நேர்முடி, இப்போது சுருட்டை. அப்படி மாறி வருவது உண்டு. பருத்திக் குல்லாவைச் சுடுதண்ணீரில் துவைத்து வைத்திருந்தவள், அடுத்த செக்கப்புக்குப் போனபோது எடுத்துப்போய் பெஞ்சில் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டாளாம்.

"யார் பின்னுனதுனு கேட்டாங்களா சித்தி?"

"இல்லடி. துவைச்சதானானு கேட்டா. போட்டுப் பாத்தா. காதுகிட்ட கொஞ்சம் டைட்டாம்."

இப்போது 55-க்கு ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறேன்.