கதவும் மானமும்

கோவில் பத்திரிகையில் கக்கூஸைப் பற்றி எழுதலாமா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சுளிக்க வேண்டாம். சர்வேசுரன் மனிதனை ஆத்துமமும் சரீரமுமாக உண்டாக்கினார். சரீரத்தின் தேவைகளைப் பேசக் கூசுகிறவன், சரீரத்துக்குரிய மானத்தைக் காக்கவும் முன்வர மாட்டான். தவிர, அமெரிக்க ஐக்கிய நாட்டின் மாகாணச் சட்டசபைகள் சில ஆண்டுகளாக இதே விஷயத்தில்தான் மும்முரமாயிருக்கின்றன. பொதுக் கட்டடங்களிலுள்ள கழிப்பிடம், குளிக்குமிடம், உடை மாற்றுமிடம், படுக்குமிடம் இவற்றுள் எதனுள் யார் நுழையலாம் என்று சட்டம் இயற்றுகிறார்கள். இது நியாயந்தானா? வாசகரே, சற்றுப் பொறுமையோடு ஆராய்வோம்.

இச்சட்டங்களின் பிறப்பு வெகு சமீபத்தியது என்று எண்ணிவிடாதீர்கள். 1887-ம் ஆண்டில் மாசச்சூசெட்ஸ் மாகாணம், ஆண்களும் பெண்களும் சேர்ந்து வேலை செய்யும் ஆலைகளிலும் பட்டறைகளிலும் இரு பாலாருக்கும் தனித்தனிக் கழிப்பிடம் இருக்கவேண்டும், எது யாருக்கென்று தெளிவாகக் குறித்திருக்கவேண்டும் என்று விதித்தது. அமெரிக்காவில் இதற்கு முந்திய சட்டம் இல்லையென்பர். 1920-க்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட மாகாணங்கள் அவ்வழியே சென்றன. பெண்கள் கூட்டங்கூட்டமாய் ஆலை வேலைக்கு வந்த காலம் அது. பெண் இயற்கையிலேயே பலவீனமானவள், அவளைப் பொத்திக் காக்கவேண்டும் என்ற அக்காலத்து எண்ணமும் அச்சட்டங்களில் கலந்திருந்தது உண்மை. ஆனாலும் மேஸ்திரியும் கூலியாட்களும் புழங்கும் அதே இடத்துக்கு ஓர் இளம் பெண் தனியாய்ப் போகவேண்டியிருந்த நிலையைச் சட்டம் மாற்றியதே, அது சிறிய நன்மையா? எண்ணத்தில் பிசகு இருந்தபோதிலும் செய்கை நல்லதாயிருப்பதுண்டு.

அது நிற்க. அதே நாட்டின் தென் மாகாணங்களில் வேறொரு காட்சியும் இருந்தது. கதவுகளில் நிறத்தையும் எழுதி வைத்தார்கள். பல இடங்களில் வெள்ளை ஆணுக்கு ஒரு கதவு, வெள்ளைப் பெண்ணுக்கு ஒரு கதவு, கறுப்பருக்கோ ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரே கதவு! பெண்ணின் மானத்தைக் காக்கிறோம் என்று மார்தட்டிய அதே மனிதர், கறுப்புப் பெண்ணுக்கு மானமே இல்லையென்று அந்த மூன்றாவது கதவினால் சொல்லிவிட்டார்கள். 1964-ம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வந்தே அந்த அக்கிரமத்துக்கு முடிவு கட்டியது. மானம் என்பது மனித சுபாவத்தைச் சேர்ந்தது, அந்தஸ்தைச் சேர்ந்ததல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. இந்த மூன்றாவது கதவைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதைய வழக்குக்கு வருவோம். பிறப்பில் ஆணெனக் குறிக்கப்பட்டுப் பெண்ணாக வாழும் திருநங்கைகளும், அதற்கு மறுதலையான திருநம்பிகளும் எந்தக் கதவினுள் செல்வது என்பதே தகராறு. 2016 மார்ச்சில் வட கரோலினா மாகாணம், அரசாங்கக் கட்டடங்களிலும் அரசுப் பள்ளிகளிலும் பிறப்புச் சான்றிதழில் கண்ட பாலின்படியே செல்லவேண்டும் என்று சட்டம் செய்தது. எதிர்ப்பு பலமாகக் கிளம்பவே, மறு ஆண்டு மார்ச்சிலேயே அந்த ஷரத்தை நீக்கிக்கொண்டது. ஆனால் காற்று திரும்பிவிட்டது. 2023-ல் புளோரிடா, 2024-ல் யூட்டா, 2025-ல் மொன்டானாவும் டெக்சாஸும் என்று சட்டங்கள் வரிசையாய் வந்தன. மொன்டானாவின் சட்டம் கழிப்பிடத்தோடு நிற்காமல், படுக்குமிடங்களையும், வீட்டில் அடிபட்டு ஓடிவந்தோர் தங்கும் புகலிடங்களையும் உள்ளடக்கியது. அவ்வாண்டே அம்மாகாண நீதிபதி ஒருவர் அதற்கு இடைக்காலத் தடை விதித்தார்.

இனி என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். ஆண் வேறு, பெண் வேறு என்பது சிருஷ்டியின் ஒழுங்கு. 2024-ல் உரோமையில் விசுவாசக் கோட்பாட்டுத் திருப்பீடம் மனித மாண்பைப் பற்றி வெளியிட்ட பிரகடனமும் இதை உறுதியாய்ச் சொல்கிறது, எந்த மனிதனின் மாண்பும் எந்நிலையிலும் அழியாது என்பதையும் அதே பிரகடனம் அதே உறுதியோடு சொல்கிறது. ஆகவே தனியிடம் கேட்கும் பெண்ணைப் பிற்போக்கானவள் என்று ஏளனம் செய்வது அநியாயம். அவள் கேட்பது சலுகையல்ல. விசேஷமாய்ப் படுக்குமிடத்தில் இது மிகவும் பொருந்தும். கழிப்பிடத்துக்குச் செல்கிறவள் சில நிமிஷத்தில் வெளியே வந்துவிடுகிறாள், உள்ளே ஒரு தாழ்ப்பாளும் உண்டு. தூங்குகிறவளுக்கோ தாழ்ப்பாளும் இல்லை, விழிப்பும் இல்லை. சிறைச்சாலையிலே அரசாங்கமே அவளைப் பலவந்தமாய்க் கொண்டுவந்து, இந்த அறையில்தான் படு என்கிறது. போக வழியில்லாதவளை அடைத்து வைக்கிறவன் அவளுடைய பாதுகாப்புக்கு முழுப் பொறுப்பாளி. இங்கிலாந்தில் பெண்கள் சிறைக்கு அனுப்பப்பட்ட திருநங்கைக் கைதி ஒருவர், அங்கிருந்த பெண்களிடம் தகாதவாறு நடந்துகொண்ட குற்றத்துக்காக 2018-ல் தண்டனை பெற்றார். பெண்களின் பயம் வெறுங் கற்பனையென்று தள்ளிவிட முடியாது.

ஆனால் அதே பொறுப்பு மறுபக்கமும் வெட்டுகிறது. ஆண்கள் சிறையில் அடைக்கப்பட்ட ஃபார்மர் என்னும் திருநங்கை, தாம் அடித்துக் கற்பழிக்கப்பட்டதாக முறையிட்ட வழக்கில், பெரும் ஆபத்து இருப்பதை அறிந்தும் அசட்டையாயிருந்த அதிகாரிகள் குற்றவாளிகளே என்று 1994-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விதி வகுத்தது. 2003-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 2012-ல் எழுதப்பட்ட சிறை விதிகளும், இப்படிப்பட்ட கைதிகளை எங்கே வைப்பது என்பதை ஆளுக்கு ஆள் ஆராய்ந்து தீர்மானிக்கவேண்டும் என்றன. பலவீனமானவனை ஓநாய்களிடம் தள்ளிவிட்டு, பெயர்ப்பலகை சரியாயிருக்கிறது என்று திருப்திப்படுவது நீதியாகாது. அவனுக்கும் பெண்களுக்கும் ஒருங்கே காவலான தனி அறைக்குப் பணம் செலவாகுமே என்பார்கள். ஆகட்டும். அடைத்து வைக்கப் பணம் இருக்கிறதல்லவா?

கழிப்பிடத்தின் விஷயத்தில் வேறொரு சிக்கல் உண்டு. தாடி மீசையோடு வாழும் திருநம்பியையும் இச்சட்டம் பெண்களின் கதவுக்குள் அனுப்புகிறது. உள்ளே இருக்கும் பெண்களுக்கு அதனால் நிம்மதி உண்டாகுமா? வாசலில் நின்று தீர்மானிப்பவர் யார்? புளோரிடாவில் ஊழியர் வெளியே போகச் சொல்லியும் போகாதவர்மேல் அத்துமீறல் வழக்குத் தொடரலாம். டெக்சாஸில் அபராதம் ஆளுக்கல்ல, ஸ்தாபனத்துக்கு: முதல் முறை 25,000 டாலர், அதற்குமேல் 1,25,000. அபராதத்துக்கு அஞ்சிய ஊழியர் என்ன செய்வார்? முகத்தைப் பார்ப்பார், முடியைப் பார்ப்பார், குரலைக் கேட்பார். உயரமாய், முடி குட்டையாய், குரல் தடித்துப் பிறந்த எந்தப் பெண்ணும் அந்தப் பரீட்சைக்கு ஆளாகலாம். மானத்தைக் காக்க வந்த சட்டம் நடுக்கூடத்தில் ஒருத்தியின் மானத்தை வாங்குவது விபரீதமன்றோ?

அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் தம் வேதசாஸ்திரச் சங்கிரகத்தில் ஓர் உதாரணம் காட்டுகிறார். முற்றுகையிடப்பட்ட பட்டணத்தில் வாசற்கதவுகள் பூட்டியே இருக்கவேண்டும் என்று சட்டம். நல்ல சட்டந்தான். ஆனால் பட்டணத்தைக் காக்கும் சொந்தப் போர்வீரரே எதிரிகள் துரத்த ஓடிவருகிறார்கள். அப்போது சட்டத்தின் எழுத்துக்கு மாறாகக் கதவைத் திறப்பதே, சட்டம் செய்தவனின் கருத்து என்கிறார். சட்டம் பெரும்பாலும் நடப்பதைக் கணக்கிட்டே எழுதப்படுகிறது. எல்லா மனிதரும் அதன் அளவுக்குள் அடங்குவதில்லை.

ஆண்களுக்கென்றும் பெண்களுக்கென்றும் இடங்களைப் பிரித்து வைப்பதை நான் ஆதரிக்கிறேன். எந்தக் கதவும் இல்லாமல் ஒருவனை நிறுத்தும் சட்டத்தை என்னால் ஆதரிக்க முடியவில்லை. பகல் முழுதும் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வேலைக்குப் போகவேண்டிய நிலை எவருக்கும் வரலாகாது. கலிபோர்னியா 2016-ல் ஒரு சிறு சட்டம் செய்தது: ஒருவர் மட்டும் நுழைந்து தாழிட்டுக்கொள்ளும் பொதுக் கழிப்பிடம் எதுவானாலும் அதில் ஆண், பெண் என்ற பலகை கூடாது, யாரும் செல்லலாம். சக்கர நாற்காலியிலுள்ள தாயைத் தள்ளிவரும் மகனுக்கும், சிறு பெண்குழந்தையோடு வரும் தகப்பனுக்கும் கூட அது உதவுகிறது. ஒரு சுவர், ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள். அதற்குக் கொத்தனாரைக் கூப்பிட்டால் போதும். சட்டசபையில் அத்தனை கூச்சல் வேண்டியதில்லை.